பழைய அமெரிக்க தங்கக் காசுக்கு கிராம் ரேட் போட்டா எப்படிங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கால ஏதாவது பழைய தங்கக் காசு பெரிய விலைக்கு ஏலம் போனா உங்க பேப்பர்ல தவறாம ஒரு செய்தி வந்துடுது, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தான் வருது. காசு இத்தன வருஷம் பழசு, அதுல இத்தன கிராம் தங்கம் இருக்கு, இன்னைக்கு ரேட்டுக்கு இவ்ளோ தான் பெறும், ஆனா இத்தன கோடி குடுத்து வாங்கிருக்காங்க, அதோட செய்தி முடிஞ்சுடுது. படிக்கிறவங்க பணக்காரங்க பொழுதுபோக்குன்னு நெனச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. அந்த விலைக்குப் பின்னாடி இருக்கிற காரணம் ஒரு வரி கூட வர்றதில்ல, அது தான் எனக்கு வருத்தம். நான் நியூ ஜெர்சில இருக்கேன், ரொம்ப வருஷமா இந்தக் காசுகளப் பாத்தும் படிச்சும் வர்றேன், முடியுறப்போ ஒண்ணு ரெண்டு வாங்குறதும் உண்டு. கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், தேவைப்பட்டா வெட்டிப் போட்டுக்கோங்க.

அமெரிக்க அரசாங்கம் சொந்தமா தங்கக் காசு அடிக்க ஆரம்பிச்சது 1795 ஜூலைல, ஃபிலடெல்பியால. சட்டம் 1792-லயே வந்துடுச்சு, ஆனா மிண்ட்ல, அதாவது அரசாங்கம் காசு அடிக்கிற சாலைல, தங்கம் வெள்ளி கையாளுற அதிகாரிங்க ஆளுக்கு 10,000 டாலர் ஜாமீன் கட்டணும்னு அதுல எழுதி வெச்சிருந்தாங்க, அந்தக் காலத்துல அவ்ளோ பணத்துக்கு எங்க போவாங்க, அத கொறச்ச பிறகு தான் வேலையே நடந்துச்சு. அடிச்சது மூணு அளவு. பத்து டாலர் காசுக்குப் பேரு ஈகிள், அஞ்சு டாலர் ஹாஃப் ஈகிள், ரெண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள். எடை முறையே 17.5 கிராம், 8.75 கிராம், 4.37 கிராம். தரம் 22 கேரட், அதாவது நம்ம நகைக்கடைல 916-னு சொல்றோமே அதே தரம். ஹாஃப் ஈகிள் நம்ம ஒரு சவரன விட கொஞ்சம் கூட இருக்கும்னு வெச்சுக்கோங்க. ஆச்சரியம் என்னன்னா ஆரம்பத்துல அடிச்ச காசுல இது எத்தன டாலர்னு எழுதவே இல்ல, எடைய வெச்சும் அளவ வெச்சும் தான் தெரிஞ்சுக்கணும். ஹாஃப் ஈகிள்ல 1807-ல ஜான் ரைக் புது டிசைன் போட்டப்போ தான் 5 டி-னு எழுத்து வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த டிசைன் ராபர்ட் ஸ்காட் செஞ்சது, தொப்பி போட்ட லிபர்ட்டி தேவி வலது பக்கம் பாத்துட்டு இருக்கும், பின்னாடி ஒரு சின்னக் கழுகு வாய்ல இலை வளையம் வெச்சுட்டு ஓலைக் கிளை மேல நிக்கும். அந்தக் காலத்து ஆளுங்க அந்தக் கழுகு மெலிஞ்சு கெடக்குன்னு குறை சொன்னாங்களாம், எனக்கு அது தான் ரொம்பப் பிடிக்கும்.

சேகரிக்கிறவங்க "எர்லி கோல்டு"னு சொல்றது 1795-ல இருந்து 1834 பாதி வரைக்கும் அடிச்ச காசு தான். இதுங்க ஏன் இவ்ளோ அரிதுன்னா ரொம்ப கம்மியா அடிச்சாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, அது பாதி தான் சரி. கம்மியா அடிச்சது உண்மை தான், குவார்ட்டர் ஈகிள எடுத்துக்கிட்டா 1834 சட்டத்துக்கு முன்னாடி எந்த வருஷமும் 7,000 காசத் தாண்டல, 1796-ல நட்சத்திரமே இல்லாம அடிச்ச வகை வெறும் 963. ஆனா அடிச்சதுல பெரும்பகுதிய உருக்கிட்டாங்க. இது தான் உங்க செய்தில வரவேண்டிய விஷயம், அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

1792 சட்டத்துல ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளின்னு கணக்கு வெச்சாங்க. ஐரோப்பால அப்போ அது பதினஞ்சரைக்குப் பக்கம். அப்போ ஒரு வியாபாரி என்ன பண்ணுவான், அமெரிக்கால 15 அவுன்ஸ் வெள்ளிய குடுத்து ஒரு அவுன்ஸ் தங்கத்த காசா வாங்கி கப்பல் ஏத்தினா அந்தப் பக்கம் அதுக்கு பதினஞ்சரை அவுன்ஸ் வெள்ளி கெடைக்கும். மிண்ட் அடிக்க அடிக்க காசு கடல் தாண்டிப் போயிட்டே இருந்துச்சு, போன இடத்துல நேரா உருக்குற மூசைக்குள்ள தான். 1804-க்கு அப்புறம் பத்து டாலர் காசு அடிக்கறதையே நிறுத்திட்டாங்க, 1838 வரைக்கும் அடிக்கல. 1820கள்ல நெலம இன்னும் மோசம், அடிச்ச ஹாஃப் ஈகிள்ல பெரும்பகுதி ஊர்ல யார் கண்ணுலயும் படாமலே பாங்க்ல இருந்து மூட்டையா கெளம்பிப் போயிடுச்சு. கடைசியா 1834 ஜூன் 28 சட்டம் வந்து அஞ்சு டாலர் காசுல இருந்த சுத்தத் தங்கத்த 123.75 கிரெயின்ல (இது ஒரு சின்ன எடை அளவு) இருந்து 116 கிரெயினா கொறச்சாங்க. அப்போ பழைய அஞ்சு டாலர் காசுக்குள்ள புது கணக்குல 5 டாலர் 33 சென்ட் தங்கம் இருக்கு. மிச்சம் இருந்தவங்களும் உருக்காம விடுவாங்களா சொல்லுங்க, பெட்டில கெடந்ததும் போச்சு. புது காசு தனியா தெரியணும்னு தான் அப்புறம் வந்த கிளாசிக் ஹெட் டிசைன்ல பழைய லத்தீன் வாசகத்தையே எடுத்துட்டாங்க.

அதனால தான் 1822 ஹாஃப் ஈகிள் கதை இப்படி இருக்கு. மிண்ட் கணக்குப்படி அந்த வருஷம் 17,796 அடிச்சாங்க, அதுல முந்தின வருஷத்து அச்சுல அடிச்சதும் கலந்திருக்கலாம். இன்னைக்கு உலகத்துல இருக்குறது மூணு. அதுல ரெண்டு வாஷிங்டன்ல இருக்குற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு, ஒண்ணு மிண்ட் தனக்குன்னு வெச்சிருந்த பழைய சேகரிப்புல இருந்து வந்தது, இன்னொண்ணு ஜோசையா லில்லிங்கறவரோட பெரிய சேகரிப்புல இருந்து வந்தது. தனியார் கைக்கு வரக்கூடியது ஒண்ணே ஒண்ணு, அது பால்டிமோர் பாங்கர் லூயிஸ் எலியாஸ்பெர்க் கிட்ட இருந்து 1982-ல 6,87,500 டாலருக்கு போச்சு, அப்போ அத வாங்கின போக் குடும்பத்து சேகரிப்புல இருந்து 2021 மார்ச்ல 84 லட்சம் டாலருக்கு போச்சு. அதே சமயம் 1815 ஹாஃப் ஈகிள் அடிச்சதே 635 தான், ஆனா பத்துக்கும் மேல இன்னைக்கும் இருக்கு. எத்தன அடிச்சாங்கங்கற நம்பர மட்டும் வெச்சு எழுதினா வாசகருக்கு தப்பான படம் தான் போகும். எத்தன தப்பிச்சுதுங்கறத எழுதுங்க.

இன்னொரு விஷயம், அந்த 84 லட்சம் டாலர் காசு அன்சர்க்குலேட்டட் (செலவுக்கே போகாத காசு) கூட இல்ல, ஏயு-50 கிரேடு தான், அதாவது கொஞ்சம் கை மாறி லேசா தேஞ்ச காசு. மூணே மூணு இருக்குற காசுல நெலமய யாரும் பெருசா பாக்கறதில்ல. ஆனா இருபது, முப்பது, நூறு இருக்குற மத்த வருஷக் காசுகள்ல விலைய முடிவு பண்றதே நெலம தான். 1808 குவார்ட்டர் ஈகிள் 2,710 அடிச்சாங்க, அந்த டிசைன் அந்த ஒரு வருஷம் மட்டும் தான், அதுல ஒரு எம்எஸ்-65 (எம்எஸ்னா அன்சர்க்குலேட்டட்) காசு 2015-ல 23 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு போச்சு. நாலு கிராம் சொச்சம் தங்கம். அதே வருஷத்து தேஞ்ச காசோ சுத்தம் பண்ணின காசோ அதுல ரொம்பச் சின்ன பங்கு விலைக்குத் தான் போகும்.

அன்சர்க்குலேட்டட்னா அடிச்ச பிறகு செலவுக்கே போகாத காசு. கிரேடு ஒண்ணுல இருந்து 70 வரைக்கும், 60-ல இருந்து மேல எல்லாம் அன்சர்க்குலேட்டட். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா விளக்கு வெளிச்சத்துல காச மெதுவா சாய்க்கணும், அடிக்கும்போது உலோகம் நடுவுல இருந்து ஓரத்துக்கு ஓடின தடம் கண்ணுக்கே தெரியாத கோடா இருக்கும், அதுல வெளிச்சம் பட்டா ஒரு பட்டை காசச் சுத்திச் சுத்தி ஓடும். அந்தப் பட்டை லிபர்ட்டியோட கன்னத்துலயும் காதுக்கு மேல முடிலயும் கழுகோட நெஞ்சுலயும் விட்டுப் போகாம ஓடுச்சுன்னா காசு தேயல. மேடான இடத்துல மட்டும் மங்கி நின்னுடுச்சுன்னா யாரோ எங்கயோ அத பையில போட்டுட்டு நடந்திருக்காங்க. ஒரு ஷோல டீலர் ஒருத்தர் 1799 ஈகிள் ஒண்ண கையில குடுத்து பாக்க விட்டார், 33 மில்லிமீட்டர் அகலம், ஸ்லாபுக்குள்ள, அதாவது கிரேடு போடுற கம்பெனி மூடி சீல் வெச்ச பிளாஸ்டிக் உறைக்குள்ள தான் இருந்துச்சு, ஆனா அந்த வெளிச்சம் ஓடினப்போ இருநூறு வருஷத்துக்கு மேல ஆன உலோகம்னு நம்பவே முடியல. அந்த நெகிழ்ச்சிய விலைல சொல்ல முடியாது.

ஒரு விஷயம் புதுசா வர்றவங்க குழம்புவாங்க. அப்போ மிண்ட்ல நீராவி மெஷின் கெடையாது, ஆளுங்க கையால சுத்துற ஸ்க்ரூ பிரஸ் தான். மஞ்சள் காய்ச்சல் வந்து 1797, 98, 99-னு வருஷா வருஷம் மிண்ட மூடிட்டு ஓடினாங்க. எஃகு அச்சு செய்யறது கஷ்டம்ங்கறதால ஒரு அச்சு ஒடையுற வரைக்கும் விட மாட்டாங்க, வருஷம் மாறினா பழைய எண் மேலயே புது எண்ணக் குத்துவாங்க, 1795-னு போட்ட அச்ச ரெண்டு மூணு வருஷம் கழிச்சு புது கழுகு அச்சோட சேத்து அடிச்சதும் உண்டு. அதனால கழுகு நெஞ்சுல இறகு சரியா விழாம இருக்கும், நட்சத்திரம் மழுங்கலா இருக்கும், அத தேய்மானம்னு நெனச்சுடக் கூடாது, தேஞ்ச இடத்துல பளபளப்பு போயிருக்கும், சரியா அடி விழாத இடத்துல பளபளப்பு அப்படியே இருக்கும். அப்புறம் அரம் போட்ட கோடு. காசு அடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வட்டத்தையும் எடை போடுவாங்க, கம்மியா இருந்தா திரும்ப உருக்கணும், கூட இருந்தா அரத்தால ராவி சரி பண்ணிடலாம், அதனால வேணும்னே கொஞ்சம் கூடவே வெட்டுவாங்க. அந்த ராவின கோடு நெறைய காசுல இன்னமும் தெரியும். விஷயம் தெரியாதவங்க கீறல்னு சொல்லி ஒதுக்குவாங்க, ஆனா அது மிண்ட்லயே ஒரு தொழிலாளி கைபட்ட அடையாளம், எனக்கு அது குறையாவே தெரியல. முகத்துக்கு நடுவுல ஆழமா இருந்தா மட்டும் விலை கொறையும், அது நியாயம் தான்.

இப்போ நான் ரொம்ப முக்கியமா சொல்ல நெனச்சது. நம்ம வீட்டுல தங்கம் மங்கினா பூந்திக்கொட்டை தண்ணில ஊறப்போட்டு பிரஷ் வெச்சு தேய்ப்போம், நகைக்கு அது சரி. பழைய காசுக்கு அத மட்டும் செஞ்சுடாதீங்கன்னு தயவு செஞ்சு உங்க பேப்பர்ல ஒரு தடவையாவது போடுங்க. 22 கேரட் தங்கம் மெது, ஒரு துணி வெச்சு ஒரு தேய் தேச்சாலே நான் மேல சொன்ன அந்த ஓட்டத் தடம் போயிடும், அதுக்குப் பதிலா மெல்லிய கோடு கோடா விழுந்துடும், அப்புறம் உலகத்துல யாராலயும் அத திரும்பக் கொண்டு வர முடியாது. காசு பளிச்சுன்னு தான் இருக்கும், ஆனா பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி கிரேடிங் கம்பெனிங்க அதுக்கு நம்பர் குடுக்காம சுத்தம் பண்ணினதுன்னு எழுதி அனுப்பிடுவாங்க. இதுல பாதி அநியாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே நடந்துடுச்சு, அப்போ இந்தக் காசுல வளையத்த பத்தவெச்சு சங்கிலில மாட்டினாங்க, ப்ரோச் பண்ணினாங்க, ஓட்டை போட்டாங்க, அப்புறம் வந்தவங்க ஓட்டைய அடைச்சு ஓரத்த ராவி மறைச்சாங்க. உருக்குறவங்க கிட்ட இருந்து தப்பிச்சு, இதுல இருந்தும் தப்பிச்சு, யாரும் தொடாம வந்த காசு எத்தன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பழைய தங்கத்துக்குன்னு ஒரு நிறம் உண்டு, வெள்ளி கூட கலந்திருந்தா லேசா பச்சை ஓடும், செம்பு கூட இருந்தா சிவப்பு ஓடும், ஓரத்துல ஆரஞ்சு படிஞ்சிருக்கும். அந்தத் தோல் தான் காசோட உயிர்.

இந்தத் துறைலயும் எல்லாம் சுத்தம்னு சொல்ல மாட்டேன். ஏயு-58-க்கும் எம்எஸ்-61-க்கும் நடுவுல விலை பெருசா குதிக்கும்ங்கறதால சிலர் ஸ்லாப உடைச்சு உடைச்சு திரும்பத் திரும்ப அனுப்புவாங்க, என்னைக்காவது ஒரு நாள் கிரேடு கூடி வந்துடும்னு. கீறல மறைக்க மேல ஏதோ பூசுறவங்களும் உண்டு, கொஞ்ச வருஷத்துல அது புகை மாதிரி படிஞ்சு காட்டிக் குடுத்துடும். எங்கூட பழகுற சேகரிப்பாளர்கள்ல சிலர் அன்சர்க்குலேட்டட் தவிர வேற எதுவும் வாங்க மாட்டேன்னு இருக்காங்க. அது அவங்க இஷ்டம். ஆனா மூட்டைல கெடந்து மத்த காசு இடிச்சு முகமெல்லாம் தழும்பா இருக்குற எம்எஸ்-60 ஒண்ண விட, லேசா கை பட்டு நிறம் கெடாம இருக்குற ஏயு-58 எனக்கு ஒசத்தி. நம்பர வாங்காதீங்க, காசப் பாத்து வாங்குங்கன்னு பழைய டீலர்கள் சொல்றது இதுக்குத் தான்.

1933-ல ரூஸ்வெல்ட் ஏப்ரல் 5-ந்தேதி போட்ட ஆணைய பத்தி உங்க பேப்பர்ல ஒரு தடவை படிச்சேன், மக்கள் எல்லாரும் தங்கத்த அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைக்கணும்னு வந்துச்சே அது. அதுல ஒரு விதிவிலக்கு இருந்தத நீங்க விட்டுட்டீங்க. அரிய நாணயம் சேகரிக்கிறவங்களுக்கு தனி மதிப்பு இருக்குற தங்கக் காசுகள வெச்சுக்கலாம்னு அந்த ஆணைலயே எழுதிருந்துச்சு. அப்போ கருவூலச் செயலரா இருந்த வில்லியம் வுடின் அவரே பெரிய நாணய சேகரிப்பாளர், அவர் தான் அந்த வரிய சேர்க்க வெச்சார்னு இங்க சேகரிக்கிறவங்க நம்புறாங்க. அந்த ஒரு வரி இல்லன்னா 1834-ல தப்பிச்சதும் நூறு வருஷம் கழிச்சு உருகிருக்கும். எலியாஸ்பெர்க், அப்புறம் டல்லஸ்ல எண்ணெய்த் தொழில் பண்ணின ஹாரி பாஸ் மாதிரி ஆளுங்க பின்னாடி இத ஒண்ணு ஒண்ணா தேடிச் சேத்தாங்க, பாஸ் ஒரே வருஷக் காசுலயே எந்தெந்த அச்சு ஜோடில அடிச்சதுன்னு பிரிச்சுப் பிரிச்சு சேத்தவர், இன்னைக்கும் எர்லி கோல்டு காசுக்கு பிடி-னு போட்டு வகை எண் சொல்றோமே அதுல பி எழுத்து அவர் பேரு. இவங்கள பணத்திமிர் புடிச்சவங்கன்னு எழுதாதீங்க, ஒரு நாட்டோட முதல் நாப்பது வருஷத் தங்கத்துல மிஞ்சினத காப்பாத்தி வெச்சவங்க.

வாசகர்களுக்கு ஒண்ணு. யாராவது 1790கள் தேதி போட்ட அமெரிக்க தங்கக் காசுன்னு காட்டினா முதல்ல எடை போடுங்க. ஈகிள் 17.5 கிராம் இருக்கணும். 1838-க்கு அப்புறம் வந்த பத்து டாலர் 16.72 கிராம் தான், ஹாஃப் ஈகிள் 1834-க்கு அப்புறம் 8.36. போலி செய்றவங்க நெறைய பேர் இதுலயே மாட்டுவாங்க. அமெரிக்கால நகல் காசுன்னா காப்பின்னு அதுலயே அச்சடிக்கணும்னு 1973-ல இருந்து சட்டம் இருக்கு, ஆனா அந்த எழுத்த ராவிட்டு விக்கிறவங்களும் இருக்காங்க, அதனால எடை சரியா இருந்தாலும் ஸ்லாப்ல இல்லாத காச பெரிய விலைக்கு வாங்காதீங்க. சேகரிக்க ஆசைப்படுறவங்க 1799, 1801 ஈகிள்ல இருந்தோ 1807-ல இருந்து 1812 வரைக்கும் வந்த ஹாஃப் ஈகிள்ல இருந்தோ ஆரம்பிக்கலாம், அதுங்க தான் ஓரளவு கெடைக்கும், அப்பவும் விலை சாதாரணம் இல்ல. வாங்க முடியாதவங்க வருத்தப்பட வேண்டாம், அமெரிக்கா வந்தா வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் நாணயப் பகுதிய ஒரு தடவ பாத்துட்டுப் போங்க.

ஆசிரியர் அவர்கள்கிட்ட நான் கேக்குறது இவ்ளோ தான். அடுத்த ஏலச் செய்தி போடும்போது கிராம் கணக்கோட சேத்து அந்த வகைல இன்னைக்கு எத்தன காசு மிச்சம் இருக்கு, இதோட கிரேடு என்ன, இதுக்கு முன்னாடி யார் யார் கைல இருந்துச்சு, இந்த மூணையும் போடுங்க. ஏலக் கம்பெனிங்க அவங்க கேட்லாக்லயே இது எல்லாத்தையும் விவரமா எழுதிருப்பாங்க, எடுத்துப் போட அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்,
நியூ ஜெர்சி